சவுதியில் வெல்டர், ஏசி மெக்கானிக்காக இருந்து ஆஸ்திரேலியா போக: ஃபைல் சேர்ப்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம்ம கடலோரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பத்துப் பதினைந்து வருஷம் சவுதியிலோ கத்தாரிலோ வேலை பார்த்த ஒரு சபராளி இருப்பார். ஏசி, வெல்டிங், எலக்ட்ரிக்கல், டீசல் என்ஜின் என்று ஏதோ ஒன்றில் கை தேர்ந்தவராகவும் இருப்பார். இப்போது இவர்களில் பலர் கேட்கிற கேள்வி, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போய் உட்கார முடியுமா என்பது. போகலாம். கைத்தொழில்காரர்கள் அங்கே தட்டுப்பாடு, அதனால் விசாப் பட்டியலில் இந்தத் தொழில்கள் தொடர்ந்து இருக்கின்றன. ஆனால் வளைகுடாவுக்குப் போன மாதிரி மும்பையில் ஒரு இன்டர்வியூ, கையில் பிடித்துக் காட்டி ஒரு டெஸ்ட், அடுத்த மாசம் ஃப்ளைட் என்று நடக்காது. அங்கே முதலில் தேறவேண்டியது உங்கள் ஃபைல். கை வேலையைக் காட்டுகிற கட்டம் அதற்கு அப்புறம்தான், சில தொழில்களுக்கு அந்தக் கட்டமே கிடையாது.

அந்த ஃபைலில் வைக்க வேண்டிய பாதிக் காகிதங்கள் வளைகுடாவில் வேலையில் இருக்கும்போது மட்டும்தான் சுலபமாகக் கிடைக்கும். எக்ஸிட் அடித்து ஊருக்கு வந்தபிறகு கம்பெனிக்கு போன் போட்டால் யார் எடுக்கப்போகிறார்கள்? அதனால் இதை இப்போது அங்கே இருப்பவர்களும் படிக்க வேண்டும், அடுத்த லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது.

எந்த விசா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 189, 190, 491 மூன்றுக்கும் வயது, அனுபவம், இங்கிலீஷ் என்று புள்ளி போட்டுப் பார்த்து, விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு அனுப்புவார்கள். 189 என்பது யாருடைய ஸ்பான்சரும் இல்லாமல் நேரடியாக நிரந்தர வசிப்புரிமை தரும் விசா. இதுவும் சிட்டிசன்ஷிப்பும் ஒன்றில்லை, அங்கேயே வாழலாம், வேலை பார்க்கலாம் என்கிற பிஆர். 190-க்கு ஒரு மாநில அரசு உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், அதற்கு 5 புள்ளி கூடும். 491 என்பது பெருநகரங்களைத் தாண்டிய பகுதிகளில் இருக்கச் சொல்லித் தரும் 5 வருஷ விசா, அதற்கு 15 புள்ளி கூடும், அங்கே 3 வருஷம் இருந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால் 191 வழியாக பிஆர் ஆகலாம். 482 என்பது முதலாளி ஸ்பான்சர் செய்வது, 2024 டிசம்பரிலிருந்து பெயரையும் விதிகளையும் மாற்றியிருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சில தொழில்காரர்களுக்கு இதற்கும் தொழில்திறன் மதிப்பீடு கேட்பார்கள்.

189, 190, 491 மூன்றுக்கும் அழைப்பு வரும் அன்று 45 வயது ஆகியிருக்கக் கூடாது. மூன்றுக்கும் மதிப்பீட்டில் தேறியிருப்பது கட்டாயம்.

உங்கள் தொழிலுக்கு எந்த எண்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. ஏசி மெக்கானிக் 342111, எலக்ட்ரீஷியன் 341111, டீசல் மெக்கானிக் 321212, ஃபிட்டர் 323211. வெல்டிங்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். டிராயிங் பார்த்து, மார்க் பண்ணி, வெட்டி, வளைத்து, ஜோடித்து, கடைசியில் வெல்டும் அடிக்கிறவர் என்றால் நீங்கள் மெட்டல் ஃபேப்ரிகேட்டர், 322311. நாள் முழுக்க வெல்டிங் மட்டும்தான் என்றால் 322313. பிரஷர் வெசல், ஹை பிரஷர் பைப் லைன் என்றால் 322312. மூன்றும் வேறு வேறு.

இதைவிடச் சிக்கல் மேசன்களுக்கு. வளைகுடாவில் மேசன் என்றால் காலையில் பிளாக் கட்டுவார், மதியம் பிளாஸ்டர் பூசுவார், அடுத்த வாரம் பாத்ரூமுக்கு டைல் ஒட்டுவார். ஆஸ்திரேலியாவில் பிரிக்லேயர், சாலிட் பிளாஸ்டரர், டைலர் மூன்றும் மூன்று தொழில். எதில் அதிக வருஷம், எதற்கு அதிக ஆதாரம் என்று பார்த்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் எதற்கு டிமாண்ட் என்று பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்றபடி அனுபவத்தை வளைக்கலாம் என்று சில பேர் ஐடியா கொடுப்பார்கள். டெக்னிக்கல் இன்டர்வியூவில் பத்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

யார் மதிப்பிடுகிறார்கள்

கைத்தொழில்களுக்கு டிஆர்ஏ (டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா) என்கிற ஆஸ்திரேலிய அரசு அமைப்பு பொறுப்பு. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் பல தொழில்களில் மதிப்பீட்டை நடத்துவது அவர்கள் அங்கீகரித்த வெட்டாசெஸ் மாதிரியான நிறுவனங்கள். உங்கள் தொழில், பாஸ்போர்ட், விசா மூன்றையும் வைத்து எந்த வழி என்று டிஆர்ஏ தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. முதலில் காகிதம் பார்ப்பார்கள், தேறினால் இங்கிலீஷில் டெக்னிக்கல் இன்டர்வியூ. எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் மாதிரி அங்கே லைசென்ஸ் தேவைப்படும் தொழில்களுக்கு நேரடிச் செய்முறைத் தேர்வும் உண்டு. இவர்கள் தேறினாலும் அங்கே போய் இறங்கிய அன்றே தனியாக வேலை எடுக்க முடியாது. மேற்பார்வையில் வேலை பார்த்து, உள்ளூர் விதிகளுக்கான பயிற்சியை முடித்த பிறகுதான் முழு லைசென்ஸ்.

இன்ஜினியர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, ஐடிக்கு ஏசிஎஸ், நர்ஸ்களுக்கு ஆன்மாக். இன்ஜினியர் தம்பிகளுக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் செய்த வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரை எழுதச் சொல்வார்கள், அதை ரெடிமேடாக விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். காப்பியைக் கண்டுபிடிக்க மென்பொருள் வைத்திருக்கிறார்கள், மாட்டினால் மறுபடி விண்ணப்பிக்கவே தடை.

இன்னொரு குழப்பம். சவுதி விசாவுக்கு இங்கே வைத்து எழுதுகிற தகாமோல் டெஸ்ட் சவுதிக்கு மட்டும்தான். அந்தச் சான்றிதழை ஃபைலில் வைக்கலாம், தப்பில்லை, ஆனால் அது ஆஸ்திரேலிய மதிப்பீட்டுக்குப் பதிலாகாது.

காகிதம்

பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன, அதனால் விரிவாகவே பார்ப்போம்.

முதல் பிரச்சினை இக்காமாவில், அதாவது சவுதி குடியிருப்பு அட்டையில், இருக்கும் தொழில். கைநிறைய வெல்டிங் அனுபவம், ஆனால் இக்காமாவில் பார்த்தால் 'ஆமில்', அதாவது வெறும் தொழிலாளி. டிரைவர், பண்ணை வேலை, வீட்டு வேலை என்றுகூட இருக்கும். அப்போது கிடைத்த விசாவில் ஏறிப் போனோம், அவ்வளவுதான். மதிப்பிடுகிறவர் இந்தக் கதை தெரியாமல் பார்க்கும்போது, கடிதத்தில் வெல்டர், அரசு ஆவணத்தில் லேபர் என்று இரண்டு ஆள் தெரிவார்கள். வேலையில் இருக்கும்போதே கம்பெனியிடம் சொல்லித் தொழில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். சவுதியில் அரசின் கிவா தளம் வழியாகக் கம்பெனி இதைச் செய்யலாம். முதலாளி மசியவில்லை என்றால், விசாவில் ஏன் வேறு பெயர் இருக்கிறது, உண்மையில் என்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் ஒரு விளக்கக் கடிதமாவது வாங்குங்கள். அதோடு கம்பெனி ஐடி கார்டு, சைட் பாஸ், வெல்டர் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட், சேஃப்டி டிரெயினிங் கார்டு என்று உங்கள் பெயரும் தொழிலும் சேர்ந்து வருகிற எதையும் தூக்கிப் போடாதீர்கள். காலாவதியான கார்டுக்கும் இங்கே மதிப்பு உண்டு.

ஃப்ரீ விசாவில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். கஃபீல் (விசா ஸ்பான்சர்) ஒருத்தர், வேலை பார்ப்பது வேறு வேறு இடத்தில், சம்பளம் கையில். பத்து வருஷம் உழைத்தாலும் அது எழுத்தில் எங்கேயும் இருக்காது. இப்படி இருப்பவர்கள் ஆஸ்திரேலியா எண்ணம் இருந்தால் முதலில் ஒரு ஒழுங்கான கம்பெனிக்குக் கஃபாலா (ஸ்பான்சர்ஷிப்) மாறி, அங்கிருந்து வருஷக் கணக்கை ஆரம்பிப்பதுதான் வழி. சம்பளம் ஐம்பது நூறு ரியால் குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

சம்பளம் வந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வங்கி வழியாக வந்திருந்தால் ஸ்டேட்மென்ட் எடுத்து பிடிஎஃப் ஆக மெயிலில் போட்டு வையுங்கள், கணக்கை மூடிவிட்டு வந்தபிறகு எடுப்பது பெரும்பாடு. அதோடு சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், அமீரகத்தில் இருந்தவர்கள் லேபர் கான்ட்ராக்ட், பாஸ்போர்ட்டில் உள்ள விசாப் பக்கங்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பரண் மேலே போட்டு வைத்திருப்பீர்களே, அதையும் கீழே இறக்குங்கள்.

அப்புறம் அனுபவக் கடிதம். நம்ம ஆட்கள் கொண்டுவரும் கடிதம் பெரும்பாலும் நாலு வரி. இன்னார் எங்களிடம் ஏசி டெக்னீஷியனாக வேலை பார்த்தார், நல்ல நடத்தை, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். நடத்தையை வைத்து மதிப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கடிதத்தில் இருக்க வேண்டியவை: வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பதவி, சம்பளம், நீங்கள் செய்த வேலைகள், பயன்படுத்திய கருவிகள், கையெழுத்துப் போடுகிறவர் பெயர், பதவி, போன், கம்பெனி மெயில். போன் போட்டுக் கேட்பார்கள், ஆகவே எடுத்துப் பேசக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். மந்தூப் (அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கிற கம்பெனி ஆள்) கையெழுத்தைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்த சூப்பர்வைசர் அல்லது மேனேஜர் கையெழுத்து நல்லது.

வேலை விவரத்தை எப்படி எழுதுவது? ஏசிக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். 'ஏசி பொருத்துதல், பழுது பார்த்தல்' என்று எழுதினால் யாரும் எழுதலாம். இப்படி எழுதச் சொல்லுங்கள்: ஸ்பிளிட், டக்டட், சில்லர் என எந்த வகை யூனிட், எத்தனை டன் வரை, செம்புக் குழாயை வளைத்து, ஃபிளேர் செய்து, பிரேசிங் வைத்தது, நைட்ரஜன் ஏற்றி லீக் பார்த்தது, வேக்கம் பம்ப் போட்டு ஈரத்தை எடுத்தது, மானிஃபோல்ட் கேஜ் வைத்து ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் எடை பார்த்து நிரப்பியது, கம்ப்ரசர், கெப்பாசிட்டர், கான்டாக்டர் சோதித்து மாற்றியது, கன்ட்ரோல் வயரிங் பார்த்தது. நீங்களே இதைத் தமிழில் எழுதி, யாரிடமாவது இங்கிலீஷில் மாற்றி, மேனேஜரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் வேலை மிச்சம். ஆனால் ஆஸ்திரேலியத் தளத்தில் இருக்கும் தொழில் விளக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அதை அவர்கள் தினமும் படிக்கிறார்கள்.

பெயர். முகமது என்ற ஒரு பெயருக்கே இங்கிலீஷில் நாலைந்து எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் ஒன்று, ஐடிஐ சான்றிதழில் இன்னொன்று, இக்காமாவில் அரபியிலிருந்து மாறி வந்த மூன்றாவது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இனிஷியல் தகராறு, சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரபி ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஐடிஐ முடித்தவர்களுக்கு வேலை கொஞ்சம் லேசு. தேசியத் தொழிற்சான்றிதழோடு மார்க் ஷீட்டும், அப்ரென்டிஸ் செய்திருந்தால் அதன் சான்றிதழும் வையுங்கள். ஐடிஐ படிக்காமல் மாமா, மச்சான் பின்னால் போய்த் தொழில் கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது, கூடுதல் வருஷ அனுபவம் கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 வருஷத்தில் குறைந்தது 12 மாதம் அதே தொழிலில் முழுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்து ராமநாதபுரத்தில் ஒரு மொபைல் கடை போட்டு நாலு வருஷம் ஓட்டியவர் இதில்தான் அடிபடுவார்.

போட் மெக்கானிக்குகளுக்கு

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு என்ஜின் பார்க்கிறவர்கள் இந்த ஊரை விட்டே போகாமல் டீசல் மெக்கானிக்காகத் தேற வாய்ப்பு உள்ளவர்கள். என்ஜினைக் கடல் நடுவில் பிரித்து மாட்டி ஓடவிட்டுக் கொண்டுவருகிறவர்களுக்குத் தொழில் தெரியாது என்று யார் சொல்வார்கள்? ஆனால் பில் புத்தகம் கிடையாது, வங்கிக் கணக்கில் போடுவது கிடையாது, போட்டுக்காரர் கையில் கொடுக்கிற காசோடு கணக்கு முடிந்தது. இன்றைக்கே ஆரம்பித்தால்: சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள், கட்டணமில்லை. எந்தப் படகு, என்ன என்ஜின், என்ன வேலை, என்ன தொகை என்று நம்பர் போட்டு பில் கொடுங்கள். பணத்தை ஜிபேயிலாவது வாங்குங்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள், ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற கடையில் உங்கள் பெயரில் பில் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகள் கரையேறி முழு என்ஜினும் இறங்கும், அப்போது பிரித்த என்ஜினோடு நீங்கள் வேலை செய்வதைப் போட்டோவும் வீடியோவுமாக எடுத்து வையுங்கள். படகு உரிமையாளர்களிடம் கடிதம் வாங்கலாம், ஆனால் பில்லும் வங்கிக் கணக்கும் இல்லாத கடிதம் தனியாக நிற்காது. மரப்படகு, ஃபைபர் படகு கட்டுகிற ஆசாரிகளுக்கு போட் பில்டர் என்று 399111 எண்ணிலேயே ஒரு தொழில் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இன்டர்வியூ

தொழில் தெரிந்தவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை, இங்கிலீஷ்தான் தொண்டையில் நிற்கும். இலக்கணம் பார்க்க மாட்டார்கள், வேலையை வரிசைப்படி சொல்கிறீர்களா என்று பார்ப்பார்கள். வேக்கம் ஏன் போடுகிறோம், போடாவிட்டால் கம்ப்ரசருக்கு என்ன ஆகும் என்று கேட்டால் 'எங்க கம்பெனியில அப்படித்தான் செய்வோம்' என்பது பதிலாகாது. இன்னொன்று, எந்தக் கேள்விக்கும் பதிலைப் பாதுகாப்பிலிருந்து தொடங்குங்கள்: மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, டேக் மாட்டி, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, அப்புறம் கை வைப்பேன். பெரிய கம்பெனி சைட்டில் தினமும் காலையில் பாதுகாப்பு பற்றி நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தூங்கிக்கொண்டே கேட்டதெல்லாம் இங்கே உதவும்.

புள்ளிக் கணக்கு

குறைந்தபட்சம் 65 வேண்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. மதிப்பீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்ட தொழில் தகுதிக்கு 10. வெளிநாட்டு அனுபவம், கடைசிப் பத்து வருஷத்துக்குள், 3 வருஷத்துக்கு 5, 5 வருஷத்துக்கு 10, 8 வருஷத்துக்கு 15. ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 எடுத்தால் உள்ளே வரலாம், ஆனால் புள்ளி பூஜ்யம். நான்கிலும் 7 என்றால் 10, நான்கிலும் 8 என்றால் 20. கல்யாணம் ஆகாதவருக்கு 10, மனைவி நான்கிலும் 6 எடுத்தால் 5.

34 வயது, தொழில் தகுதி, 8 வருஷ அனுபவம், இங்கிலீஷ் 6 மட்டும் என்றால் 50. அவரே 7 எடுத்து, மனைவி 6 எடுத்தால் 65. ஆக வளைகுடாவில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவதைவிட இங்கிலீஷுக்கு ஆறு மாசம் உட்காருவது லாபம், அதுவும் 33, 40 என்ற வயதுக் கோடுகளைத் தாண்டும் முன். ஒரு விஷயம், சில நேரம் தகுதி பெறுவதற்கே முதல் சில வருஷத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் புள்ளிக்கு எண்ணுவார்கள், மதிப்பீட்டு முடிவில் எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்து அதன்படி போடுங்கள்.

மனைவியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கீழக்கரை தாசிம் பீவி கல்லூரியிலோ வேறு எங்கேயோ டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நம்ம பக்கம் எத்தனை பேர்? கணவரைவிட அவர்களுக்கு இங்கிலீஷ் சுலபமாக வரும். டீச்சராகவோ நர்ஸாகவோ வேலை பார்த்திருந்தால், முதன்மை விண்ணப்பதாரராக அவரையே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே வருகிறவராக இருந்தாலும் அடிப்படை இங்கிலீஷ் இருப்பதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு பெரிய தொகை கட்டவேண்டி வரும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த டிகிரிக்குக் கல்லூரிக் கடிதம் போதும்.

ஏஜென்ட்

இதில் எல்லாக் கட்டத்தையும் நீங்களே ஆன்லைனில் செய்யலாம், அழைப்பு கேட்டு முதலில் போடுகிற விருப்ப விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆள் வைத்துக்கொள்வதானால் ஆஸ்திரேலியாவில் பதிவு செய்த மைக்ரேஷன் ஏஜென்டா என்று பதிவு எண்ணை அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள். 'கேரண்டி விசா' என்று சொல்கிறவரிடம் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடலாம், முடிவெடுப்பது அவர் கிடையாது. ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் என்று கேட்டால், ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு வாங்குவது ஆஸ்திரேலியச் சட்டப்படி 2015-லிருந்து குற்றம், கொடுப்பதும் சட்ட மீறல். போலி அனுபவக் கடிதம் வைத்து மாட்டினால் 3 வருஷத்துக்கு விசா கிடையாது, கூட விண்ணப்பித்த மனைவி மக்களுக்கும் சேர்த்து.

அழைப்பு வந்தபிறகு

அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விசா விண்ணப்பம் போட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து 189-க்குக் கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கே 4,900 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், மனைவி பிள்ளைகளுக்குத் தனி, பெரும்பாலும் ஒவ்வொரு ஜூலையிலும் கூட்டுவார்கள். மதிப்பீட்டு முடிவு அதிகபட்சம் 3 வருஷம் செல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போலீஸ் சான்றிதழ். கடந்த 10 வருஷத்தில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் போட்டு வாங்கிவிடலாம், நமக்கு மதுரை மண்டலம். வளைகுடா நாடுகளுக்கு ஊரிலிருந்தபடி வாங்குவது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதம், சிலவற்றுக்குக் கைரேகை, தூதரகம், அட்டஸ்டேஷன் என்று இழுக்கும். அதனால் அழைப்புக்காகக் காத்திருக்கும்போதே எந்த நாட்டுக்கு என்ன நடைமுறை என்று விசாரித்து வையுங்கள். இன்னும் அங்கே வேலையில் இருந்தால் பழைய இக்காமா நகல், எக்ஸிட் பேப்பர், நுழைவு முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்கள் இல்லாமல் சான்றிதழ் விண்ணப்பத்தையே நிரப்ப முடியாது. மெடிக்கல் அவர்கள் பட்டியலில் உள்ள கிளினிக்கில் மட்டும்தான்.